மஞ்சள் ஜாக்கெட் போட்டும் தெரியவில்லை என்றால் யார் தப்பு?

சக்கரம்72:
வேலை முடிந்து சைக்கிளை எடுக்க இரவு ஒன்பதரை ஆகிவிடும். நேற்று பளீர் மஞ்சள் ஜாக்கெட் போட்டிருந்தேன், பின்னால் சிவப்பு விளக்கும் எரிந்தது. அப்படியும் இடப்பக்கச் சந்திலிருந்து வந்த கார் உரசுகிற தூரத்தில் வந்துதான் நின்றது. "உங்களைப் பார்க்கவே இல்லை" என்றார் ஓட்டுநர். என் பங்குக்கு எல்லாம் செய்தாகிவிட்டது. கண்ணைத் திறந்து ஓட்ட வேண்டியது அவர் வேலை. மறுப்பவர்கள் வரலாம்.

டைனமோ:
வந்துவிட்டேன். அந்த மஞ்சள் பகலில் பளீரென்று தெரிவதற்குக் காரணம், வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் தருவதுதான். இரவில் புற ஊதாவுக்கு எங்கே போவது? சோடியம் விளக்குக்குக் கீழே உங்கள் ஜாக்கெட்டும் சாதாரண வெளிர்நிறச் சட்டைதான். இரவுக்கு எதிரொளிப்புப் பட்டை வேண்டும்.

சக்கரம்72:
பட்டையும் இருக்கிறது சார். முதுகில் குறுக்காக இரண்டு.

இரவுப்பறவை:
பட்டைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. விழுகிற ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். ஓட்டுநரின் கண் ஹெட்லைட்டுக்குக் கொஞ்சம் மேலே இருப்பதால் அவருக்கு அது பற்றி எரிவது போலத் தெரியும். ஆனால் சந்திலிருந்து வருகிற காரின் விளக்கு நேராக எதிர்ச்சுவரில் விழும், உங்கள் மேல் அல்ல. உங்கள் மேல் விழும்போது நீங்கள் பானட்டுக்கு முன்னால் இருப்பீர்கள். ஒரு கேள்வி: பின்விளக்கைச் சொன்னீர்கள், முன்விளக்கு?

சக்கரம்72:
அந்தச் சாலை முழுக்கத் தெருவிளக்கு. எனக்கு வழி நன்றாகவே தெரிகிறது, அதனால் போடுவதில்லை.

இரவுப்பறவை:
அடடா. அந்த விளக்கு உங்களுக்கு வழி காட்ட மட்டும் இல்லையே, உங்களை மற்றவருக்குக் காட்டவும்தானே! சந்தில் நிற்பவர் பார்ப்பது உங்கள் முன்பக்கத்தை. அங்கே நீங்கள் வைத்திருந்தது வெறும் இருட்டு.

கார்சாவி:
சைக்கிள் கோஷ்டியில் ஒரு கார்க்காரன் நுழைகிறேன், கல்லெறிய வேண்டாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் ஒரு வினாடிக்குச் சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். கவனித்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை வினாடி, அதற்கே 25 மீட்டர். காய்ந்த சாலையில் வண்டி நிற்க இன்னும் 20. டிம் லைட்டில் கறுப்புச் சட்டைக்காரர் தெரிவதற்குள் இந்தத் தூரம் கரைந்திருக்கும்.

சக்கரம்72:
அப்படியென்றால் மெதுவாக ஓட்டுங்கள்! வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடியாத வேகத்தில் ஓட்டிவிட்டு, எங்களைக் கல்யாண மண்டபம் மாதிரி சீரியல் விளக்கு கட்டிக்கொண்டு வரச் சொல்வது என்ன நியாயம்?

கார்சாவி:
நியாயம் உங்கள் பக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்றிரவு வருகிறவர்கள் எல்லாரும் அந்த நியாயப்படி ஓட்டப்போவதில்லையே. அப்புறம், சைக்கிளில் வேகவேகமாக மினுக்கும் விளக்கைப் பற்றி யாராவது பேசுங்கள். ஏதோ இருக்கிறது என்று தெரிகிறது, எவ்வளவு தூரத்தில் என்றுதான் பிடிபடுவதில்லை.

இரவுப்பறவை:
மினுக்கினால்தான் உங்கள் கண்ணே இந்தப் பக்கம் திரும்புகிறது.

டைனமோ:
இதில் நாடுகளுக்கே ஒத்த கருத்து கிடையாது. ஜெர்மனியில் சைக்கிளில் மினுக்கும் விளக்குக்கு அனுமதி இல்லை. பிரிட்டனில் 2005 முதல் அனுமதி உண்டு, வினாடிக்கு ஒன்று முதல் நான்கு முறை மினுக்கலாம். நான் பின்னால் நின்றெரியும் விளக்கு ஒன்று, மினுக்குவது ஒன்று என்று இரண்டு வைத்திருக்கிறேன். முன்னால் நின்றெரிவது மட்டும், அதையும் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து. எதிரே வருபவர் கண் கூசினால் அவருக்கு நானும் தெரிய மாட்டேன், பள்ளமும் தெரியாது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. "ஏதோ இருக்கிறது" என்று தெரிவது போதாது, "ஒரு ஆள் சைக்கிள் மிதிக்கிறார்" என்று தெரிய வேண்டும். முதுகுப் பட்டை அசையாது, தூரத்தில் அது அறிவிப்புப் பலகையாகக்கூட இருக்கலாம். கணுக்கால் பட்டை மேலும் கீழும் போய்வரும், மனித அசைவை மூளை சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் இதை இரவில் மூடிய சாலையில் ஓட்டுநர்களை வைத்தே சோதித்தார்கள். வெறும் ஃப்ளோரசன்ட் மேலங்கி கறுப்பு உடையைவிடப் பெரிதாக உதவவில்லை. எதிரொளிப்பு மேலங்கியோடு முழங்காலிலும் கணுக்காலிலும் பட்டை கட்டியவரைத்தான் மிக அதிகம் பேர் கண்டுகொண்டார்கள்.

கார்சாவி:
இது உண்மை. பெடலில் ரிஃப்ளெக்டர் இருந்தால் எனக்கு அரை நொடியில் புரிந்துவிடும். பலர் அதைக் கழற்றிவிடுகிறார்கள், ஏன் என்றுதான் புரியவில்லை.

சக்கரம்72:
இதையெல்லாம் படித்துவிட்டு, நேற்று இரவு தம்பியை டார்ச்சோடு நாற்பது அடி பின்னால் நிற்க வைத்தேன். டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னேன், இல்லாவிட்டால் பட்டை மின்னாதாம். "பட்டை எங்கே அண்ணா?" என்கிறான். ஆபீஸ் பை முதுகை முழுக்க மறைத்திருக்கிறது. உட்கார்ந்தால் ஜாக்கெட்டின் பின்பகுதி இறங்கி, சீட்டுக்குக் கீழே இருக்கும் விளக்கில் பாதியை மூடுகிறது. விளக்கைக் கேரியருக்கு மாற்றிவிட்டேன், முன்விளக்கும் இன்று முதல் எரியும். ஆனால் அந்தக் கார்க்காரர் சந்து முனையில் நிற்காமல் வந்தது தப்புதான். அதில் ஒரு அங்குலம்கூட நகர மாட்டேன்.

கார்சாவி:
நகர வேண்டாம். ஆபீஸ் பையிலும் ஒரு பட்டை ஒட்டிவிடுங்கள்.