திருப்பூரில் பதிவு, சங்கரன்கோவிலில் பிரசவம்: முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகை வருமா?

மல்லிகை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இது தலைப்பிரசவம், ஐந்தாம் மாதம் நடக்கிறது. கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். திருப்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். இங்கே நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்து பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்) வாங்கிவிட்டேன், முதல் ஊட்டச்சத்துப் பெட்டகமும் கொடுத்தார்கள். கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகையில் நான்காம் மாதத்துக்குரிய 6,000 ரூபாய் மட்டும் இன்னும் ஏறவில்லை.

வளைகாப்பு முடிந்ததும் சங்கரன்கோவில் பக்கம் அம்மா வீட்டுக்குப் போகிறேன். பிரசவமும் அங்கேதான். அங்கே போய்ப் புதிதாகப் பதிய வேண்டுமா? ஊர் மாறினால் பணம் நின்றுவிடுமா? இன்னொன்று, மாமியார் தனியாரில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார், அம்மா பெரியாஸ்பத்திரிதான் என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரண்டு பிள்ளைக்காரி

தங்கச்சி, முதலில் வங்கிக் கணக்கைப் பார். எனக்கும் இப்படித்தான் இழுத்தது. கல்லூரியில் படிக்கும்போது தொடங்கிய ஒரு பழைய கணக்கோடு ஆதார் இணைந்திருந்தது. நான் பாஸ்புக் நகல் கொடுத்ததோ வேறு வங்கியில். ஆதார் வழியாக வரும் பணம், ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறதோ அங்கேதான் போகும். கணக்கு உன் பெயரில் இருக்க வேண்டும், கணவர் கணக்கைக் கொடுக்காதே. எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம். இதற்கென்று புதுக்கணக்கு வேண்டுமென்றால் தபால்காரரிடம் சொன்னால் அஞ்சலக வங்கியில் தொடங்கித் தருவார்.

ஓய்வுபெற்ற கிராம செவிலியர்

மகளே, புதிதாகப் பதியவே கூடாது. பிக்மி எண் ஒரு கர்ப்பத்துக்கு ஒன்றுதான். 12 இலக்கம். திருப்பூரில் வாங்கினாலும் தென்காசி மாவட்டத்தில் அதே எண்தான் செல்லும். இரண்டாவது எண் போட்டால் பாதி விவரம் ஒன்றிலும் பாதி இன்னொன்றிலும் கிடக்கும், பணமும் அங்கேதான் சிக்கும். கிளம்பும் முன் திருப்பூர் செவிலியரிடம் ‘அம்மா வீட்டுக்குப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போ. ஊரில் இறங்கியதும் அந்தப் பகுதி கிராம சுகாதார செவிலியரைப் பார்த்து, அட்டையையும் ஸ்கேன் ரிப்போர்ட்டுகளையும் காட்டு. பெரும்பாலான ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் இந்த எண்ணைத்தான் கேட்பார்கள், பத்திரமாக வை.

பணக் கணக்கு இது. 1987-ல் 300 ரூபாயில் தொடங்கிய திட்டம் 2018-லிருந்து 18,000. அதில் 14,000 ரொக்கம், மீதி 4,000 இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். முன்பு ஐந்து தவணையாக வந்தது, 2024-லிருந்து மூன்று: கர்ப்பத்தின் நான்காம் மாதம் 6,000, குழந்தைக்கு நான்கு மாதம் ஆனதும் 6,000, ஒன்பது மாதம் ஆனதும் 2,000. மத்திய அரசு கர்ப்பிணிகளுக்குத் தரும் மாத்ரு வந்தனா பணமும் இதற்குள்ளேயே அடங்கும், அதற்குத் தனியாக அலைய வேண்டாம். உனக்கு 19 வயது முடிந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான் இது.

பிள்ளைக்கு நான்கு மாதம், ஒன்பது மாதம் என்று சும்மா வைத்ததல்ல. பிள்ளைக்கு 6, 10, 14 வாரத் தடுப்பூசிகள் முடிந்தால்தான் இரண்டாம் தவணை. ஒன்பது மாதத் தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டால்தான் மூன்றாவது. ஊசி தள்ளிப்போனால் பணமும் தள்ளிப்போகும். தாய் வீட்டிலிருந்து திருப்பூர் திரும்பும் சமயத்தில்தான் நிறைய பேர் 14 வார ஊசியை விட்டுவிடுகிறார்கள். நீ விட்டுவிடாதே.

தனியாரா அரசா என்று கேட்டாய். இந்த உதவித்தொகை அரசு மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பவர்களுக்கானது. அரசில் சுகப்பிரசவமோ சிசேரியனோ, மருந்து, ரத்தம், சாப்பாடு எல்லாம் இலவசம். வீட்டிலிருந்து போக 108, பெற்று முடித்துத் திரும்பவும் வண்டி உண்டு. ஆனால் மகளே, 14,000-க்காக மட்டும் நீ முடிவு செய்ய வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்கு சிக்கலானாலும் மயக்க மருந்து டாக்டர், ரத்தம், பச்சிளம் குழந்தைப் பிரிவு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறதா என்று பார். சீமாங் மையம் (சிக்கலான பிரசவத்தையும் பச்சிளம் குழந்தையையும் எந்நேரமும் பார்க்கும் பிரிவு) இருக்கும் அரசு மருத்துவமனைகள் அதற்காகவே இருப்பவை. மாமியாரிடம் இதைச் சொல்லிப் பார்.

இன்னொன்று சொல்லாமல் போக மனசு வரவில்லை. அந்தப் பெட்டகத்தில் இருக்கும் நெய்யும் பேரீச்சையும் சத்துமாவும் உனக்கு. என் பணிக்காலம் முழுக்க வீடு வீடாகப் போய்ப் பார்த்திருக்கிறேன்: நெய் ஞாயிற்றுக்கிழமை குழம்புக்குப் போயிருக்கும், பேரீச்சை நாத்தனார் பிள்ளைகளின் கையில் இருக்கும், கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 8. 11-க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை. அந்த நிலையில் பிரசவத்தில் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் போனாலும் தாங்காது. உன் அட்டையில் கடைசியாக எவ்வளவு எழுதியிருக்கிறார்கள்?

மல்லிகை

ரொம்ப நன்றிம்மா. 9.6 என்று எழுதியிருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, பயந்து நிறுத்திவிடலாம் என்று இருந்தேன். அக்கா சொன்னபடி ஆதாரையும் பார்த்தேன், திருமணத்துக்கு முன் வைத்திருந்த கணக்குதான் இணைந்திருக்கிறது.

இரண்டு பிள்ளைக்காரி

அப்போ அதைத்தான் சரி செய்ய வேண்டும். அந்தக் கணக்கு இன்னும் உயிரோடு இருந்தால் அதன் பாஸ்புக் நகலையே செவிலியரிடம் கொடுத்துவிடு. இல்லையென்றால் இப்போதைய வங்கிக்குப் போய் ஆதாரை இணைக்க எழுதிக் கொடு. அதன்பிறகும் வராவிட்டால் வட்டார மருத்துவ அலுவலரிடம் மனுக் கொடு, 104-க்கும் கூப்பிட்டுச் சொல்.

ஓய்வுபெற்ற கிராம செவிலியர்

நிறுத்தாதே தாயி. கறுப்பாகப் போவது இரும்பு மாத்திரையின் இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை. ராத்திரி சாப்பிட்டு முடித்து, படுக்கப் போகும் முன் போட்டுப் பார், குமட்டல் குறையும். டீ, காபி கூட வேண்டாம், சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் அதோடு சேர்த்துப் போடாதே. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ நல்லது. அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டரிடம் சொல். தேவைப்பட்டால் இரும்புச்சத்தை டிரிப்ஸாக ஏற்றுவார்கள், அதுவும் இலவசம்தான். வருகிற செவ்வாய் திருப்பூரிலேயே போய் ஹீமோகுளோபின் மறுபடி பார்த்துவிட்டு, எண்ணை இங்கே எழுது.