மறு: புரோரோகேஷனுக்குத் தமிழ்ச்சொல், அவசரம்

மு.கா.:
வணக்கம். பிரிட்டன் அரசியல் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 2019-இல் அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன் செய்த புரோரோகேஷனை, அதாவது நாடாளுமன்றக் கூட்டத்தொடரை முடித்து அடுத்த தொடர் வரை அவையை மூடிவைத்ததை, எப்படி எழுதுவது? ‘ஒத்திவைப்பு’ அன்றாட ஒத்திவைப்போடு குழம்பும். ‘கலைப்பு’ அறவே தப்பு. ‘முடக்கம்’ போடலாமா?

ச.வே.:
முடக்கம் வேண்டாம். நம் ஊரில் அவை முடங்கியது என்றால் எதிர்க்கட்சிகள் கோஷம் போட்டன என்று பொருள். அங்கே முடக்கியது அரசே. வேரைப் பாருங்கள்: லத்தீன் ‘புரோரோகாரே’, அதாவது நீட்டித்தல். ரோமில் ஆளுநர்களின் அதிகாரக் காலத்தை நீட்ட வழங்கிய சொல். ஆகவே ‘அவைநீட்டம்’.

அ.த.:
ஐயா, ஐந்து வாரம் இழுத்து மூடியதற்கு நீட்டமா? பிள்ளைகள் தலைகீழாக எழுதிவைப்பார்கள். ‘அவையடைப்பு’ எப்படி? கடையடைப்பு எல்லாருக்கும் தெரியும்.

ச.வே.:
கடையடைப்பு கடைக்காரர் தாமே செய்வது, அம்மா. விடுமுறை என்றால் காமன்ஸ் சபை, அதாவது அவர்களின் மக்களவை, வாக்கெடுத்துத்தான் போகும். இதற்கு வாக்கெடுப்பே கிடையாது. பிரதமர் ஆலோசனை சொன்னார், அரசி ஆணையிட்டார். கேள்வி நேரம் இல்லை, குழுக்களும் கூட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகும் பிரெக்சிட்டுக்கு அக்டோபர் 31 கெடு வேறு அப்போது நெருங்கிக்கொண்டிருந்தது. பேசாமல் ‘அவையஞ்சல்’ என்று வையுங்கள். அவையஞ்சாமைக்கு வள்ளுவர் தனி அதிகாரமே வைத்திருக்கிறார்.

மு.கா.:
அஞ்சல் என்றால் தபால் என்றுதான் படிப்பார்கள் ஐயா.

ந.:
இருக்கிற சொல்லை விட்டு ஏன் அலைகிறோம்? ‘சட்டப்பேரவைக் கூட்டத்தொடரை ஆளுநர் முடித்துவைத்தார்’ என்று நாம் எழுதுவதில்லையா? அங்கேயும் கூட்டத்தொடர் வழக்கமாக இப்படித்தான் முடிகிறது. ஜான்சனின் தந்திரத்தைச் சொல்லிலேயே ஏற்றினால், சாதாரண ஆண்டுக்கு வேறு சொல் தேட வேண்டிவரும்.

அ.த.:
சரி, அப்படியே அந்த ஆண்டு செப்டம்பர் 24 தீர்ப்பை எழுதிப் பாருங்கள். வழக்கை விசாரித்த பிரிட்டன் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 11 பேரும் ஒருமனதாகச் சொன்னது: அரசியின் ஆணையை அவையில் அறிவிக்க வந்த ஆணையர்கள் வெற்றுத்தாளோடு அவைக்குள் நுழைந்தது போலத்தான், அவை முடித்துவைக்கப்படவே இல்லை. ‘முடித்துவைக்கப்படாத முடித்துவைப்பு’! நாக்கு சுளுக்கிக்கொள்ளும். ‘அவையடைப்பு செல்லாது’ என்றால் இரண்டே சொல்.

ந.:
‘முடித்துவைப்பு செல்லாது’ என்பதும் இரண்டே சொல்தான்.

மு.கா.:
அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். ‘கூட்டத்தொடர் முடித்துவைப்பு’ என்றே அனுப்புகிறேன். அ.த. அம்மா கோபிக்க வேண்டாம், ‘அவையடைப்பு’ அடிக்குறிப்பில் இருக்கிறது.

அ.த.:
அடிக்குறிப்பை எந்த மாணவர் படித்திருக்கிறார்?

ச.வே.:
என் எதிர்ப்பும் பதிவாகட்டும். ரோமானியர் விஷயத்தில் ‘ரோகாரே’ என்ற பகுதியை இன்னும் நாம் தொடவே இல்லை. நாளை விரிவாக எழுதுகிறேன்.