ஃபைல்மேக்கர்: வாடிக்கையாளர் → ஆர்டர் → ஆர்டர் வரி, ஒரே திரையில் இறங்கிப் பார்க்க லேஅவுட் எப்படி அமைப்பது?

நீலவண்டு:
உதிரிபாக மொத்த வியாபாரத்துக்கான ஃபைல்மேக்கர் (தரவுத்தள மென்பொருள்) கோப்பு. டேபிள்கள் நான்கு: வாடிக்கையாளர்கள், ஆர்டர்கள், ஆர்டர்வரிகள், பொருள்கள். வாடிக்கையாளர் லேஅவுட்டில் (திரை வடிவமைப்பு) ஆர்டர் போர்ட்டல் (தொடர்புள்ள ரெக்கார்டுகளை வரிசையாகக் காட்டும் பெட்டி) இருக்கிறது. ஒரு ஆர்டரைத் தொட்டால் பக்கத்திலேயே அதன் வரிகளும் பொருள் பெயரும் தெரிய வேண்டும். போர்ட்டலுக்குள் போர்ட்டல் வைக்க வழியில்லை.

இப்போதைக்கு போர்ட்டல் வரிசையில் ஒரு பட்டன் வைத்து, "கோ டு ரிலேட்டட் ரெக்கார்ட்" (ஜிடிஆர்ஆர், தொடர்புள்ள ரெக்கார்டுகளுக்குத் தாவும் கட்டளை) மூலம் ஆர்டர் லேஅவுட்டுக்கு அனுப்புகிறேன். அதில் இரண்டு சிக்கல். போர்ட்டல் ஃபில்டரில் நிலுவை ஆர்டர்கள் மட்டும்தான் தெரிகின்றன, ஆனால் போய்ச் சேரும் இடத்தில் எல்லா ஆர்டரும் வந்துவிடுகிறது. ஆர்டர் லேஅவுட்டில் ஏற்கெனவே தேடி வைத்திருந்த பட்டியலும் காணாமல் போகிறது.

கல்தச்சன்:
ஒரே திரை வேண்டுமென்றால் போர்ட்டலுக்குள் போர்ட்டல் தேவையில்லை. இரண்டு போர்ட்டலை அருகருகே வைத்து, நடுவில் ஒரு குளோபல் ஃபீல்டால் (எல்லா ரெக்கார்டுக்கும் ஒரே மதிப்பு வைத்திருக்கும் ஃபீல்டு) இணைத்தால் போதும்.

வாடிக்கையாளர்கள் டேபிளில் "ஜி_ஆர்டர்ஐடி" என்று ஒரு குளோபல் ஃபீல்டு உருவாக்குங்கள். ஆர்டரின் முதன்மைச் சாவி யூயூஐடி (எழுத்தும் எண்ணும் கலந்த தனித்துவ அடையாளம்) என்றால் இதுவும் டெக்ஸ்ட் வகையாகவே இருக்க வேண்டும். இதை நம்பர் வகையாக வைத்தால் யூயூஐடியில் உள்ள எழுத்துகளைப் பொருட்படுத்தாமல் எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளும், பொருத்தம் கெட்டுவிடும்.

அடுத்து ரிலேஷன்ஷிப் கிராஃபில் ஆர்டர்வரிகளுக்குப் புதிதாக ஒரு டேபிள் அக்கரன்ஸ் (கிராஃபில் ஒரு டேபிளைக் குறிக்கும் பெட்டி) போடுங்கள், பெயர் "வாடி_வரிகள்_தேர்வு". வாடிக்கையாளர்கள்::ஜி_ஆர்டர்ஐடி = வாடி_வரிகள்_தேர்வு::ஆர்டர்ஐடி என்று இணையுங்கள். குளோபல் ஃபீல்டு இடப்பக்கம் இருக்கலாம். எதிர்ப்பக்க ஃபீல்டு இண்டெக்ஸ் ஆகக்கூடியதாக இருந்தே ஆக வேண்டும். அங்கே குளோபலோ அன்ஸ்டோர்டு கால்குலேஷனோ (சேமிக்காமல் அவ்வப்போது கணக்கிடும் ஃபீல்டு) இருந்தால் போர்ட்டலில் சரியான வரிகள் வராது.

இந்த அக்கரன்ஸைக் காட்டும் இரண்டாவது போர்ட்டலை வைத்துவிட்டு, முதல் போர்ட்டலின் வரிசையில் உள்ள பட்டனுக்கு "செட் ஃபீல்டு" [ஜி_ஆர்டர்ஐடி, ஆர்டர்கள்::ஐடி], பிறகு "கமிட் ரெக்கார்ட்ஸ்" கொடுங்கள். இணைப்புச் சாவியே மாறுவதால் போர்ட்டல் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். இதையே வேரியபிளும் போர்ட்டல் ஃபில்டரும் வைத்துச் செய்தால் அப்படி நடக்காது. அப்போது போர்ட்டலுக்கு ஆப்ஜெக்ட் பெயர் கொடுத்து "ரிஃப்ரெஷ் போர்ட்டல்" ஓட்ட வேண்டும்.

பொருள் பெயருக்கு மூன்றாவது போர்ட்டல் வேண்டாம். பொருள்கள் டேபிளின் ஒரு அக்கரன்ஸை "வாடி_வரிகள்_தேர்வு"க்கு அடுத்து இணைத்தால், அதன் ஃபீல்டுகளை வரி போர்ட்டலின் வரிசைக்குள்ளேயே வைக்கலாம்.

பலரும் விட்டுவிடும் படி ஒன்று உண்டு. அடுத்த வாடிக்கையாளருக்கு நகர்ந்தாலும் குளோபலில் பழைய ஐடி அப்படியே நிற்கும், வேறொருவருடைய ஆர்டர் வரிகள் திரையில் தெரியும். லேஅவுட்டில் "ஆன்ரெக்கார்ட்லோட்" ட்ரிகர் (ரெக்கார்டு திறக்கும்போதெல்லாம் ஸ்கிரிப்ட்டை ஓட்டுவது) வைத்து, ஜி_ஆர்டர்ஐடியை ஆர்டர்கள்::ஐடி ஆக மாற்றுங்கள். தொடர்பான முதல் ஆர்டர் தானாகத் தேர்வாகும், ஆர்டரே இல்லையென்றால் காலியாகும். முதல் ஆர்டர் எது என்பதை ரிலேஷன்ஷிப்பின் வரிசைதான் தீர்மானிக்கும், போர்ட்டலில் போட்ட சார்ட் அல்ல.

ஏழாம்படி:
உங்கள் இரண்டு சிக்கலுக்கும் வருகிறேன்.

போர்ட்டல் ஃபில்டர் கண்ணுக்குக் காட்டுவதை மட்டும்தான் வடிகட்டும். ஜிடிஆர்ஆர் அதைப் பார்ப்பதே இல்லை, ரிலேஷன்ஷிப்பை மட்டுமே பார்க்கும். ஆகவே நிபந்தனையை ரிலேஷன்ஷிப்புக்குள் கொண்டுபோங்கள்: வாடிக்கையாளர்ஐடி பொருத்தத்தோடு "ஜி_நிலை = ஆர்டர்கள்::நிலை" என்று இரண்டாவது நிபந்தனை. ஜி_நிலை என்ற குளோபலில் "நிலுவை" என்று இருந்தால், போர்ட்டலும் ஜிடிஆர்ஆரும் ஒரே பட்டியலைத் தரும்.

ஃபவுண்ட் செட் (தேடிக் கிடைத்த ரெக்கார்டு பட்டியல்) என்பது ஒவ்வொரு விண்டோவிலும் ஒவ்வொரு டேபிள் அக்கரன்ஸுக்கும் தனித்தனி. ஒரே அக்கரன்ஸில் நிற்கும் லேஅவுட்டுகள் எல்லாம் ஒரே பட்டியலைப் பகிர்கின்றன; அதனால்தான் உங்கள் தேடல் அழிகிறது. இறங்கிப் பார்ப்பதற்கென்றே ஆர்டர்களுக்குத் தனி அக்கரன்ஸும் அதன்மேல் ஒரு லேஅவுட்டும் வைத்து, ஜிடிஆர்ஆரில் அதைத் தேர்ந்தெடுங்கள். அடிப்படை டேபிள் ஒன்றாக இருப்பதால் ஏற்றுக்கொள்ளும். இன்னொரு வழி, ஜிடிஆர்ஆரிலேயே "நியூ விண்டோ" தேர்ந்து கார்டு பாணியில் (இருக்கும் விண்டோவின் மேலேயே ஒரு விண்டோ) திறப்பது. பதிப்பு 16 முதல் இது உண்டு. மூடினால் பழைய இடம் மாறாமல் இருக்கும். ஆனால் கார்டு திறந்திருக்கும்வரை பின்னாலுள்ள விண்டோவைத் தொட முடியாது.

இனி சொல்வதுதான் முக்கியம். தொடர்பான ரெக்கார்டு ஒன்றுகூட இல்லையென்றால் ஜிடிஆர்ஆர் எங்கும் போகாது, பிழை எண் 101 தந்துவிட்டு இருந்த லேஅவுட்டிலேயே நிற்கும். ஸ்கிரிப்ட் நிற்காது! அடுத்த படி "டிலீட் ஆல் ரெக்கார்ட்ஸ்" என்றால், ஆர்டர் வரிகளுக்குப் பதில் வாடிக்கையாளர் பட்டியல் அழியும். எனவே ஜிடிஆர்ஆருக்கு முன் "செட் எரர் கேப்சர் [ஆன்]", உடனடியாக அடுத்த வரியில் "இஃப் [கெட்(லாஸ்ட்எரர்) ≠ 0]" போட்டு, "எக்ஸிட் ஸ்கிரிப்ட்". நடுவில் வேறு படி வந்தால் பிழை எண் அந்தப் படியினுடையதாக மாறிவிடும். அழிக்கும் ஸ்கிரிப்ட்டாக இருந்தால் கெட்(லேஅவுட்டேபிள்நேம்) சரியா என்றும் ஒருமுறை பாருங்கள்.

நீலவண்டு:
குளோபல் முறை வேலை செய்கிறது, நன்றி. அலுவலக நெட்வொர்க்கில் சரியாக ஓடுகிறது. வெளியூரிலிருந்து சர்வரில் இணைந்தால் ஆர்டர் போர்ட்டல் திறக்கவே நேரமாகிறது. போர்ட்டலில் தேதி வாரியாக இறங்குவரிசை சார்ட்டும், ஒவ்வொரு ஆர்டருக்கும் மொத்தத் தொகையும் இருக்கின்றன.

கல்தச்சன்:
காரணம் அந்த இரண்டும்தான். சார்ட் செய்ய வேண்டுமென்றால், திரையில் 10 வரிசை தெரிந்தாலும் தொடர்புள்ள எல்லா ஆர்டரும் உங்கள் கணினிக்கு வந்தாக வேண்டும். ஒரு ரெக்கார்டு வரும்போது அதில் சேமித்த ஃபீல்டுகள் முழுவதும் சேர்ந்தே வரும், லேஅவுட்டில் வைத்தவை மட்டும் அல்ல. மொத்தத் தொகை சம்(ஆர்டர்வரிகள்::தொகை) என்ற அன்ஸ்டோர்டு கால்குலேஷனாக இருந்தால், ஒவ்வொரு ஆர்டருக்கும் அதன் வரிகளும் இழுக்கப்படும்.

மொத்தத்தை சாதாரண நம்பர் ஃபீல்டாக மாற்றி, வரி சேமிக்கும்போது ஸ்கிரிப்ட்டில் எழுதுங்கள். வரியை அழிக்கும் ஸ்கிரிப்ட்டிலும் அதே கணக்கு ஓட வேண்டும். பிறகு ரிலேஷன்ஷிப்பில் "ஆர்டர்தேதி ≥ ஜி_தொடக்கத்தேதி" என்ற நிபந்தனையைச் சேர்த்து, தொடக்கத்தில் கடைசி 90 நாளை மட்டும் காட்டுங்கள். பழையது வேண்டுவோர் தேதியை மாற்றிக்கொள்ளலாம். ஆர்டரோடு இருக்கும் நீண்ட குறிப்புகளைத் தனி டேபிளுக்கு நகர்த்தினால் ரெக்கார்டின் எடையும் குறையும்.