பங்ஷனல் டைவர்சிட்டி: தமிழில் என்ன சொல்லலாம்?

செ. (கோவை):

அனைவருக்கும் வணக்கம். வால்பாறைப் பகுதி ஆசிரியர்களுக்கான சூழலியல் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 1890களில் தொடங்கி அந்த மேட்டுநிலத்து மழைக்காடு தேயிலைக்கும் காப்பிக்கும் அழிக்கப்பட்டபோது அங்கிருந்த உயிர்கள் என்ன ஆயின என்பதுதான் பொருள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'பங்ஷனல் டைவர்சிட்டி', அதாவது உயிர்கள் சூழலில் செய்யும் வேலைகளின் பலவகை, வரும் இடமெல்லாம் 'செயல்பாட்டுப் பன்முகத்தன்மை' என்று போட்டேன். அட்டவணைக் கட்டத்துக்குள் அடங்கவில்லை. பின்னால் 'குறியீட்டெண்' சேர்ந்தால் வாசிக்கவே மூச்சு முட்டுகிறது. சுருக்கமான சொல் வேண்டும், 'பங்ஷனல் குரூப்' (ஒரே வேலை செய்யும் உயிர்களின் பிரிவு) போன்ற உறவுச் சொற்களும் அதிலிருந்தே கிளைக்க வேண்டும்.

பே. (மதுரை):

பன்முகத்தன்மையில் 'தன்மை' வெறும் சுமை. அதை இறக்கிவிட்டு வேருக்கு வருவோம். நன்னூலார் பெயரைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என ஆறாக்கினார். பறவையின் அலகு சினை (உறுப்பு), அதன் அகலம் குணம், விதை பரப்புதல் தொழில். இன்னும் பின்னே போங்கள். தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருளை எண்ணும்போது மா, மரம், புள் வரும் அதே வரிசையில் 'செய்தி' வருகிறது. தொழில் என்பதே அங்கே பொருள். தேனழித்தலும் கிழங்கு அகழ்தலும் குறிஞ்சியின் செய்தி, உப்பு விளைத்தல் நெய்தலின் செய்தி. நிலத்தையும் உயிரையும் தொழிலையும் சேர்த்தே எண்ணிய மரபு இது. 'செய்திப் பன்மை' என்று துணிந்து வைக்கலாம்.

செ. (கோவை):

ஐயா, ஆசிரியர்கள் அதை நாளிதழோடுதான் சேர்ப்பார்கள். அப்புறம், கருப்பொருளில் வரும் செய்தி அந்நிலத்து மக்களின் தொழில். புள்ளின் தொழில் அல்லவே?

ம. (யாழ்ப்பாணம்):

எங்கள் பாடநூல்களில் 'தொழிற்பாடு', 'உயிர்ப்பல்வகைமை' என்று நெடுங்காலமாக இருக்கிறது. 'தொழிற்பாட்டுப் பல்வகைமை' என்றால் உயர்தர வகுப்புப் பிள்ளைக்கு உடனே விளங்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பன்மை என்பது எண்ணிக்கை. பத்துக் காகமும் பன்மைதான். இங்கே சொல்ல வருவது வேறுபாட்டை. ஆகவே எப்படியும் பல்வகைமையை விட வேண்டாம்.

கி. (சென்னை):

தமிழ்நாட்டில் 'தொழில்' என்றதும் ஆலையும் வணிகமும்தான் நினைவுக்கு வரும். 'செயற்குழு' என்றால் கட்சி, 'பணிக்குழு' என்றால் அரசாணை. கணிதத்துக்காரர்கள் பங்ஷனுக்குச் 'சார்பு' என்று வைத்துவிட்டார்கள், அது இங்கே உதவாது. மிஞ்சுவது 'வினை'. வேதியியலில் 'வினைசெயல் தொகுதி' ஏற்கெனவே உண்டு. 'வினைப்பன்மை' குறள் அடியில்கூட அடங்கும்.

ம. (யாழ்ப்பாணம்):

வினை என்றால் ஊழ்வினை என்று வாசிப்பவர்களும் இருக்கிறார்கள்.

வ. (பொள்ளாச்சி):

சொல்லுக்கு முன்னால் பொருளைப் பார்க்கலாமா? காடு துண்டானதும் பறவை இனங்களின் எண்ணிக்கை உடனே சரிந்துவிடுவதில்லை. திறந்தவெளிப் பறவைகள் உள்ளே வந்து கணக்கை ஈடுகட்டிவிடும். பழந்தின்னிகளும் இருக்கும். எந்தப் பழந்தின்னி என்பதில்தான் விஷயம். பெரிய அலகுள்ள இருவாச்சி, கருங்குங்கிலியம் என்ற காட்டுமரத்தின் பழத்தை முழுசாக விழுங்கி, சதையை எடுத்துக்கொண்டு, கொட்டையைச் சேதமில்லாமல் எங்கோ தள்ளிப்போய்க் கக்கும். சின்னான் (புல்புல்) சிறு பறவை, அதன் வாய் அவ்வளவு விரியாது. அது உண்ணிச்செடிப் பழத்தைத் தின்று, காட்டை ஆக்கிரமிக்கும் அந்த அயல்புதரையே பரப்பும். இரண்டும் விதை பரப்பிகள்தான், காட்டுக்கு விளைவு நேரெதிர்.

இருவாச்சிக்குக் கூடு வைக்க முதிர்ந்த மரத்தில் பெரிய பொந்து வேண்டும். பெட்டை உள்ளே புகுந்து வாசலை அடைத்துக்கொள்ள, ஆண் சிறு இடுக்கு வழியாக ஊட்டும். தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக்கில் அப்படிப்பட்ட பொந்துக்கு எங்கே போவது? நாட்டு மரங்களை நிழலுக்கு விட்டுவைத்த காப்பித் தோட்டங்களில் நிலைமை பரவாயில்லை. ஆக, நிலம் மாறினால் ஒரு பறவை தாங்குமா என்பதை ஒரு பண்பு தீர்மானிக்கிறது. அது போனால் காடு எதை இழக்கும் என்பதை இன்னொரு பண்பு தீர்மானிக்கிறது. ஆய்வில் அளப்பதும் பண்புகளைத்தான். எனவே 'பண்புப் பன்மை'.

பே. (மதுரை):

அருமையான விளக்கம், அம்மா. ஒரு திருத்தம் மட்டும். அது 'இருவாய்ச்சி'. அலகின்மேல் இன்னோர் அலகு போன்ற புடைப்பு இருப்பதால் வந்த பெயர். இருவாட்சி என்று எழுதினால் மல்லிகை வகையாகிவிடும்.

கி. (சென்னை):

வாய் என்பது சகரம் ஏற்று 'வாய்ச்சி' ஆவதற்கு வேறு பறவைப் பெயரில் சான்று உண்டா, ஐயா? தனி இழையில் பேசலாம்.

பண்புக்கு வருகிறேன். சூழலியலாளர் டேவிட் டில்மன் குழு அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துப் புல்வெளிப் பாத்திகளில் செய்த சோதனையை 1997இல் வெளியிட்டபோது, இனங்களின் எண்ணிக்கை ஒரு பக்கம், பயறினச் செடி, வெப்பப்பருவப் புல், குளிர்பருவப் புல் என்ற வகைகள் இன்னொரு பக்கம் என்று பிரித்தே கணக்கிட்டார்கள். அங்கே எண்ணப்பட்டவை வகைகள். 'பண்பு' என்று மட்டும் சொன்னால் இறகின் நிறமும் அதில் வந்துவிடும். நிறம் காட்டுக்கு எந்த வேலையும் செய்வதில்லை. அதனால் 'செயல்வகை' என்று வைத்துப் பாருங்கள். குரூப்புக்குச் செயல்வகை, டைவர்சிட்டிக்குச் செயல்வகைப் பன்மை.

பே. (மதுரை):

'வினைசெயல்வகை' வள்ளுவரின் அதிகாரப் பெயர். அங்கே செயல்வகை என்பது செய்யும் முறை, செய்வோரின் பிரிவு அல்ல. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

செ. (கோவை):

இதுவரை நால்வர் செயல்வகைப் பன்மைக்குச் சரி என்றிருக்கிறார்கள், அவர்களில் இருவர் 'வேறு வழியில்லை' என்று சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை நெருங்குவதால் அதையே போடுகிறேன். சொல்லடைவில் 'தொழிற்பாட்டுப் பல்வகைமை'யும் இருக்கும்.

ம. (யாழ்ப்பாணம்):

நன்றி. பன்மை பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

வ. (பொள்ளாச்சி):

சொல் எதுவானாலும் சரி, நீங்கள் அனுப்பிய மாதிரிப் பக்கத்தின் அட்டவணையை அப்படியே அச்சுக்கு விடாதீர்கள். இருவாச்சியையும் சின்னானையும் 'பழந்தின்னி' என்ற ஒரே செயல்வகையில் அடைத்திருக்கிறது. அந்தக் கட்டத்தை விதையின் அளவை வைத்து இரண்டாகப் பிரியுங்கள். பிரித்ததை நாளைக்குள் அனுப்பினால் நான் சரிபார்த்துத் தருகிறேன்.