எலுமிச்சை செடியில கிடைச்ச பட்டாம்பூச்சி புழு வளக்க டப்பாவா, வலைக்கூண்டா?

எலுமிச்சைத்தொட்டி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க தொட்டி எலுமிச்சையில பறவை எச்சம் மாதிரி கருப்பும் வெள்ளையுமா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, தொடச்சு விடலாம்னு கைய வச்சா நகருது, அப்பதான் புழுன்னே தெரிஞ்சுது. மொத்தம் ஒன்பது. உள்ள கொண்டுவந்து வளத்தே ஆகணும்னு பொண்ணு ஒரே பிடிவாதம். இப்போதைக்கு ஒரு பெரிய கண்ணாடி பாட்டில்ல மூடியில ஓட்டை போட்டு இலையோட விட்டிருக்கேன், ரெண்டே நாள்ல உள்ள பூரா வேர்த்து தண்ணி வழியுது, அடி இலையில வெள்ளையா பூஞ்சை வேற, நேத்து காலைல ஒரு புழு செத்துக்கிடந்துச்சு. பொண்ணு அழுதுட்டா. தேடிப்பாத்தா வலைக்கூண்டு, பிளாஸ்டிக் டப்பா, மீன்தொட்டின்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எது வாங்கலாம், எவ்ளோ பெருசு வேணும்?

கூட்டுப்புழு:
முதல்ல அந்த பாட்டில்ல இருந்து வெளிய எடுங்க, இன்னிக்கே. இலையும் ஈரம் விடும், புழுக்கையும் ஈரம், மூடியில மட்டும் ஓட்டை இருந்தா காத்து உள்ள சுத்தாது, மேலாப்ல வந்துட்டு போயிரும். அந்த ஈரத்துலதான் பூஞ்சையும் நோயும் வருது. நோய் வந்த புழு கருத்து கொழகொழன்னு ஆயிரும், அப்படி ஒண்ண பாத்தா உடனே தனியா எடுத்துருங்க, மத்ததுக்கும் பரவும்.

டப்பாவா கூண்டான்னு கேட்டீங்கன்னா, என் அனுபவத்துல ரெண்டுமே வேணும். பறவை எச்சம் மாதிரி இருக்குற வரைக்கும் தட்டையான டப்பா போதும். அடியில டிஷ்யூ பேப்பர், மேல மூடிக்கு பதிலா மெல்லிசு துணிய ரப்பர் பேண்ட் போட்டு கட்டுங்க, தினமும் பேப்பர மாத்துங்க. குட்டிப்புழுவ வலைக்கூண்டுல விட்டா பறிச்ச இலை சீக்கிரம் காஞ்சிரும், அதால புது இலைய தேடி ரொம்ப தூரம் போக முடியாது. நாலு தடவ தோலுரிச்ச பிறகு பச்சையா மாறும், அப்ப கூண்டுக்கு மாத்துங்க. ஒரு புழு சாப்பிடாம அசையாம ஒரே இடத்துல இருந்தா தோலுரிக்க தயாராகுதுன்னு அர்த்தம், அத மட்டும் பிச்சு எடுக்கவே எடுக்காதீங்க, இலைய சுத்தி கத்தரிச்சு இலையோட மாத்துங்க.

கூண்டு அளவ புழுவ பாத்து முடிவு பண்ணாதீங்க, பட்டாம்பூச்சிய பாத்து பண்ணுங்க. கூட்ட உடைச்சு வெளிய வரும்போது றெக்கை ஈரத்துணிய கசக்கி வச்ச மாதிரி இருக்கும், அது எங்கயாவது ஏறி தொங்கி, உடம்புல இருக்குற நீர றெக்கைக்குள்ள தள்ளி தள்ளி விரிக்கும். அந்த நேரத்துல றெக்கை நுனி தரையில இல்ல சுவத்துல முட்டுச்சுன்னா மடங்குனபடியே காஞ்சிரும், அப்புறம் சரியாகாது. முதல் வருஷம் நான் உயரம் கம்மியான டப்பாவுல வச்சிருந்தேன், வழவழ பிளாஸ்டிக்ல பிடிமானம் கிடைக்காம ஒண்ணு வழுக்கி வழுக்கி விழுந்துட்டே இருந்துச்சு, கடைசியில வலது றெக்கை சுருண்டே போச்சு. பறக்கவே இல்ல. இன்னும் மனசுல நிக்குது. எலுமிச்சை பட்டாம்பூச்சி றெக்கை விரிச்சா 8-லருந்து 10 செ.மீ. வரும், அதனால குறைஞ்சது 30 செ.மீ. உயரம், எட்டு புழுவுக்கு 40 அகலம் 60 உயரம்னா தாராளம். சுவரும் கூரையும் துணிவலையா இருக்கட்டும். கம்பி வலை வேண்டாம், றெக்கை கிழியும்.

எருக்கம்பூ:
கூட்டுப்புழு அண்ணா சொன்னதுல வலையோட கண்ண பத்தி ஒண்ணு சேத்துக்கணும். நான் எருக்கு இலையில வர்ற புழு, எலுமிச்சை புழு ரெண்டும் வளக்குறேன். பெரிய கண்ணு வச்ச கூண்ட ஜன்னல் வெளிப்பக்கம் மாட்டியிருந்தேன், ஒரு எலுமிச்சை கூட்டுப்புழு மட்டும் நாள் தாண்டியும் திறக்கல, கிட்ட போயி பாத்தா ஊசி குத்துன மாதிரி ஒரு ஓட்டை, அதுலருந்து எறும்ப விட சின்னதா குளவிங்க ஒண்ணொண்ணா வந்துட்டே இருக்கு. புதுசா கட்டுன கூடு இளசா இருக்கும்போதே குளவி மேல உக்காந்து உள்ள முட்டை வச்சிரும். அதனால கொசுவலைய விட நெருக்கமா நெய்த துணி பாருங்க, கூண்ட வீட்டுக்குள்ளயே வைங்க. எறும்பு வர்ற இடம்னா கூண்டு காலுக்கு கீழ தண்ணி கிண்ணம். நேர் வெயில் படவே கூடாது.

இன்னொண்ணு, செடி வீட்லயே இருக்குன்னா கூண்டே வாங்காம கிளைக்கு துணிப்பைய மாட்டி ரெண்டு பக்கமும் கட்டிரலாம், இலை காயாது, பறிக்குற வேலையும் இல்ல. கட்டுறதுக்கு முன்னாடி உள்ள சிலந்தி இருக்கான்னு ஒவ்வொரு இலையா திருப்பி பாத்துருங்க.

கூட்டுப்புழு:
துணிப்பை நல்ல யோசனை. ஆனா பொண்ணுக்கு பக்கத்துல பாக்கணும்ல, அதுக்கு கூண்டுதான் சரி. கிளைய தண்ணி பாட்டில்ல சொருகி உள்ள வைங்க, வாயில பஞ்சு அடைக்க மறந்துறாதீங்க, புழு தண்டு வழியா இறங்கி தண்ணியில மூழ்கிரும். மருந்து அடிச்ச செடி இலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

எலுமிச்சைத்தொட்டி:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். துணிவலை கூண்டு வாங்கிட்டேன், எட்டும் பச்சையாயிருச்சு. தலைய தொட்டா சிவப்பா ரெண்டு கொம்பு நீட்டி ஒரு வாசன விடுது, பொண்ணு அதையே பாத்துட்டு இருக்கா. இப்ப ஒரு சிக்கல். ஒண்ணு நேத்து ராத்திரி தண்ணியா கழிஞ்சுட்டு கூண்டு பூரா சுத்துச்சு, சீக்கோ என்னவோன்னு பயந்துட்டேன், காலைல பாத்தா ஜிப் மேலயே நூல் கட்டி சாஞ்சு உக்காந்துருக்கு. திறந்தா அறுந்துருமே, மத்ததுக்கு எப்படி இலை வைக்கிறது?

கூட்டுப்புழு:
சீக்கு இல்ல, கூடு கட்டுறதுக்கு முன்னாடி வயித்த காலி பண்ணிட்டு இடம் தேடி அலையும். ஜிப்ப அது இருக்குற இடத்துக்கு எதிர்பக்கத்துலருந்து கை போற அளவுக்கு மட்டும் திறங்க. நாளைக்குள்ள தோலுரிச்சு கூடாயிரும், அதுக்கப்புறம் ரெண்டு நாள் விடுங்க, இறுகட்டும். பிறகு நூல்ல ஒரு சொட்டு தண்ணி வச்சு ஊறவிட்டு மெதுவா எடுத்து, பேப்பர்ல சின்ன கூம்பு செஞ்சு தலை மேல பாக்குற மாதிரி உக்கார வச்சு, கூண்டு சுவத்துல குத்திருங்க. வெளிய வந்ததும் வலைய பிடிச்சு ஏறிக்கும். கூடு கருத்து உள்ள றெக்கை டிசைன் தெரிய ஆரம்பிச்சா அடுத்த நாள் காலைலயே பொண்ண எழுப்பிருங்க.