கருத்துக் கேட்பு எல்லாருக்கும் எட்டுகிறதா?

டர்பன்_வாசகன்:
தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் மாநகராட்சியின் வரவுசெலவு வரைவு மார்ச் முடிவதற்குள் மாநகர மன்றத்துக்கு வந்துவிட வேண்டும். ஜூலை 1-இல் புது நிதியாண்டு. நடுவில் கிடைக்கும் வாரங்களில்தான் நாம் கருத்துச் சொல்லலாம். இந்திய வம்சாவளியினர் நிறைந்த நம் சாட்ஸ்வொர்த் புறநகரில் எத்தனை பேர் சொல்கிறோம்? நகராட்சிகளின் வரவுசெலவுக் கணக்கைக் காட்டும் 'முனிசிபல் மணி' இணையதளத்தைப் புரட்டப் பழகினாலே பாதி வேலை முடிந்தது என்பேன். பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கணக்கோடு கேட்பவரைக் கவுன்சிலர் லேசில் தட்டிக்கழிக்க முடியாது.

பீனிக்ஸ்_அக்கா:
தம்பி, "யார் வேண்டுமானாலும்" என்பதில்தான் எனக்குச் சண்டை. சிறிய டேட்டா பொதி வாங்கும் ஏழைதான் ஒரு மெகாபைட்டுக்கு அதிக விலை கொடுக்கிறார் என்று 2019-இல் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையமே சொன்னது. எங்கள் தெரு ஆயா அந்தத் தளத்தைத் திறந்து பார்த்துவிட்டா கேள்வி கேட்கப் போகிறார்? எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும் ஊனமுற்றோரையும் மனதில் வைத்துத்தான் மக்கள் பங்கேற்பை நடத்த வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டின் நகராட்சி அமைப்புகள் சட்டம் சொல்கிறது. இணைப்பு அனுப்பிவிட்டால் கடமை தீர்ந்தது என்று அதில் எங்கும் இல்லை.

டர்பன்_வாசகன்:
டேட்டா இல்லாமலும் தொழில்நுட்பம் உண்டு அக்கா. சுகாதாரத் துறையின் 'மாம்கனெக்ட்' 2014-இல் வந்தது. சாதாரண பட்டன் போனில் ஒரு குறியீட்டை அழுத்தினால் கர்ப்பிணி பதிவு செய்துகொள்ளலாம், மருத்துவமனை பற்றிப் புகாரும் சொல்லலாம். வடிகால் புகாருக்கும் அப்படி ஒன்று செய்ய என்ன தடை?

டோங்காட்_ஆசிரியர்:
கருவி பற்றியே பேசுகிறீர்கள், செய்தியாளரை இருவருமே விட்டுவிட்டீர்கள். வரைவில் 'மழைநீர் வடிகால் பராமரிப்பு' என்று ஒரு வரி இருக்கும், பக்கத்தில் ஒரு தொகை. அதைப் படிப்பவருக்கு ஒன்றும் தோன்றாது. ஒரு நிருபர் அந்த வரியை எடுத்துக்கொண்டு, 2022 ஏப்ரல் வெள்ளத்தில் வீடு இழந்தவர்களிடம் போய், "உங்கள் வாய்க்காலைக் கடைசியாக எப்போது தூர்வாரினார்கள்?" என்று கேட்கட்டும். அப்போது அது ஊர்ப் பேச்சாகிவிடும். 1903-இல் காந்தியின் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை இங்கே தொடங்கியபோது தமிழிலும் பக்கங்கள் வந்தன. மக்கள் மொழியில் போய்ச் சேர்வது நம் ஊர்ப் பத்திரிகைக்குப் புதிதில்லை. இந்திய வம்சாவளியினருக்கான லோட்டஸ் எஃப்எம் வானொலியில் கால் மணி நேரம் கிடைத்தால் ஆயாவுக்கும் போய்ச் சேரும்.

பீனிக்ஸ்_அக்கா:
ஐயா, வானொலி சரி. ஆனால் தமிழ் மட்டும் போதுமா? இந்திய வம்சாவளியினர் நிறைந்த எங்கள் பீனிக்ஸுக்கு ஒட்டினாற்போல பம்பாயி, அமாவோட்டி பகுதிகள். அங்கே பேசுவது ஜூலு மொழி. ஒரே மழை, ஒரே வடிகால், ஆனால் இரண்டு பக்கத்துக்கும் செய்தி தனித்தனியாகத்தான் வருகிறது. 2021 ஜூலைக் கலவரத்தில் பீனிக்ஸில் 30-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்த நாட்களில் வாட்ஸ்அப் குரல் பதிவுகள் எங்களை எப்படிக் கதவடைக்க வைத்தன என்பது எனக்குத் தெரியும். எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டு எழுதிய செய்தி எங்கள் கைக்கு வரவே இல்லை. இரண்டு பக்கத்தாரும் ஒரே அறையில் உட்காராத வரை எந்தக் கருவியையும் நான் 'பங்கேற்பு' என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

டர்பன்_வாசகன்:
அறைக்கு வர முடிந்தவர்கள் யார் அக்கா? இரவுப் பணிக்காரர் வருவாரா? கைக்குழந்தைக்காரி வருவாளா? வார்டு கூட்டத்தில் கட்சிக்காரர்களே மைக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். வெளியே இருப்பவருக்குப் போன்தான் கதவு.

டோங்காட்_ஆசிரியர்:
2006-இல் அரசியலமைப்பு நீதிமன்றம், மக்கள் கருத்தை முறையாகக் கேட்காமல் நிறைவேற்றிய சட்டங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆக, கேட்பது ஆட்சியில் இருப்பவர்களுடைய கடமை. எந்த வழியில் வந்த கருத்தானாலும் அதற்கு என்ன பதில் கிடைத்தது என்பதை யார் வெளியிடுகிறார்கள்? செய்தியாளர் தொடர்ந்து துரத்த வேண்டியது அதைத்தான்.

பீனிக்ஸ்_அக்கா:
பதில் விஷயத்தில் நானும் உங்கள் பக்கம்தான் ஐயா. தம்பி, போன் குறியீடு வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதல் குரல் ஜூலுவில் இருக்கட்டும், அடுத்தது தமிழில். வரைவின் வடிகால் பக்கத்தை ஜூலுவில் வாசித்துப் பதிவு செய்ய உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?