வெட் பல்ப் டிப்ரெஷனுக்குத் தமிழ்ச்சொல்: 'ஈரத்தாழ்வு' சரிப்படுமா?

அனுப்பியவர்: தமிழ்ப்பள்ளி அறிவியல் ஆசிரியை, பாடாங் செராய், கெடா, மலேசியா

அனைவருக்கும் வணக்கம்.

மாணவர்களின் வானிலைப் பதிவேட்டுக்குக் கட்டத் தலைப்புகள் எழுதும்போது ஒரு சொல் இடறுகிறது. உலர்குமிழ் (சாதாரண வெப்பமானி), ஈரக்குமிழ் (குமிழில் ஈரத் துணி சுற்றிய வெப்பமானி) இரண்டும் பழகிப்போனவை. உலர்குமிழ் காட்டும் வெப்பநிலையிலிருந்து ஈரக்குமிழ் காட்டுவதைக் கழித்தால் வருகிறதே, வெட் பல்ப் டிப்ரெஷன், அதற்கு என்ன பெயர்? 'ஈரத்தாழ்வு' என்று ஒரு முன்மொழிவு வந்திருக்கிறது. எனக்கு அதில் இரண்டு தயக்கங்கள்.

முதலாவது, வானிலை என்றாலே 'தாழ்வு' நம் காதில் வேறு மாதிரி விழுகிறது. காற்றழுத்தத் தாழ்வு, தாழ்வு மண்டலம், அப்புறம் புயல். கட்டத்தில் 'ஈரத்தாழ்வு 8' என்று எழுதினால் வங்கக் கடலில் ஏதோ கிளம்பிவிட்டது என்று நினைக்க இடமிருக்கிறது. இரண்டாவதுதான் பெரிது. 'ஈரத்தாழ்வு' என்ற சொல் காற்றில் ஈரம் எவ்வளவு குறைவாக இருக்கிறது என்று பொருள் தருகிறது. அது முற்றிலும் வேறோர் அளவு. அதை அழுத்த அலகான மில்லிபாரில் சொல்வார்கள், டிகிரியில் அல்ல.

சொல் இப்போதே வேண்டும், ஏனென்றால் இந்த எண் பெரிதாக வருவது இந்த இரண்டு மாதங்களில்தான். வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையில் மழையைக் கொட்டிவிட்டு, தித்திவங்சா மலைத்தொடரைத் தாண்டிக் காய்ந்துபோய் நம் பக்கம் இறங்குகிறது. அதனால் கெடாவுக்கும் பெர்லிசுக்கும் ஜனவரி, பிப்ரவரி வறண்ட மாதங்கள். விடியலில் குளிர், நண்பகலில் தெளிந்த வானம், ரப்பர் மரத்தில் இலை சிவந்து உதிர்கிறது. பாடநூலில் வரும் 'இலையுதிர் காலம்' இந்த ஊரில் எங்காவது இருந்தால், அது தை மாசியில் ரப்பர் தோட்டத்துக்குள்தான்.

அனுப்பியவர்: தோட்ட அலுவலகக் கிராணி (ஓய்வு), கூலிம்

வணக்கம் டீச்சர்.

'ஈரத்தாழ்வு' வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடே. 'ஈரக்குளிர்வு' எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அளவியில் நடப்பதை அப்படியே சொல்கிற சொல் அது. குமிழைச் சுற்றிய ஈரத் துணியிலிருந்து நீர் ஆவியாகிறது. ஆவியாக வெப்பம் வேண்டும். அதைக் குமிழிலிருந்தே எடுத்துக்கொள்வதால் குமிழ் குளிர்கிறது. காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு வேகமாக ஆவியாகும், அவ்வளவு கூடுதலாகக் குளிரும். ஈரத்தால் வந்த குளிர்வு, ஆகவே ஈரக்குளிர்வு.

பெயர் ஒருபுறம் இருக்கட்டும். எண் தப்பாக இருந்தால் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இந்த அளவியில் தப்பு வருவது பெரும்பாலும் திரியில், அதாவது குமிழைச் சுற்றிய துணியில்தான். புது மஸ்லின் துணியில் கஞ்சி இருக்கும். கொஞ்சம் சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வைத்து, நன்றாக அலசிய பிறகே கட்ட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் மேலே ஏறாது. குமிழை ஒற்றைச் சுற்றாக, சுருக்கமில்லாமல் மூட வேண்டும். விரலால் தொட்டுத் தடவினால் எண்ணெய்ப் பசை ஒட்டி, அந்த இடம் நனையாது. தண்ணீர் காய்ச்சி வடித்ததாக இருக்கட்டும். குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு இருந்தால் சில வாரங்களில் துணி விறைத்து மேலே வெள்ளை படியும். சுத்தமான பாத்திரத்தில் பிடித்த மழைத்தண்ணீர் பரவாயில்லை, ஆனால் அளவிகள் இருக்கும் பெட்டியில் வைத்து காற்றின் வெப்பநிலைக்கு வந்த பிறகே ஊற்ற வேண்டும். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து நேராக ஊற்றிவிட்டு உடனே அளவு பார்ப்பது வீண் வேலை.

ஐஸ் தண்ணீரைத் தவிர, மற்றத் தப்புகள் எல்லாம் ஒரே பக்கம்தான் சாயும். திரி அழுக்கானாலும், காய்ந்தாலும், காற்றோட்டம் போதாவிட்டாலும் ஈரக்குமிழ் இறங்க வேண்டிய அளவு இறங்காது. கழித்தால் எண் சின்னதாக வரும், காற்று உள்ளதைவிட ஈரமாகத் தெரியும். வறண்ட நாளில் பக்கத்துப் பதிவேட்டைவிட நம் பதிவேடு ஈரமாகக் காட்டினால், முதலில் திரியை மாற்றிவிட்டு அப்புறம் பேசலாம்.

இரண்டு வெப்பமானியும் பூட்டிக் கையால் சுழற்றும் ஈரமானியாக இருந்தால் நொடிக்கு இரண்டு மூன்று சுற்று, அரை நிமிடத்துக்குக் குறையாமல். குமிழைக் கடக்கும் காற்று நொடிக்கு 3 மீட்டராவது இருக்க வேண்டும். நிறுத்திய உடனே ஈரக்குமிழை முதலில் படியுங்கள். உலர்குமிழ் ஓடிவிடாது, ஈரக்குமிழ் அப்போதே ஏறத் தொடங்கிவிடும். மறுபடி சுழற்றி, அடுத்தடுத்த இரண்டு அளவுகள் ஒத்துவந்த பிறகு எழுதுங்கள். நிழலில், காற்றைப் பார்த்து நின்று, உடம்பிலிருந்து கையை நீட்டிச் சுழற்ற வேண்டும்.

அனுப்பியவர்: கருவிப் பொறியாளர், கோலாலம்பூர்

கிராணி ஐயாவுக்கும் டீச்சருக்கும் வணக்கம்.

'ஈரக்குளிர்வு' நல்ல சொல்தான் ஐயா, ஆனால் திசை மாறுகிறது. 'இன்று ஈரக்குளிர்வு 10' என்று கேட்பவர் மனத்தில் என்ன வரும்? கேமரன் மலை, தூறல், நடுக்கம். உண்மையில் 10 டிகிரி என்றால் இந்த நிலத்தில் காய்ந்த நாள்களில் ஒன்று. எண் ஏற ஏறக் காற்று காய்கிறது; சொல்லோ எண் ஏற ஏற ஈரமும் குளிரும் கூடுவதாகச் சொல்கிறது. ஒரு சொல் விளங்காமல் போனால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எதிர்ப்பொருளில் விளங்கினால் யாரும் கேட்கவே மாட்டார்கள்.

என் முன்மொழிவு 'குமிழ் இடைவெளி'. இடைவெளி அகன்றால் வறட்சி, நெருங்கினால் ஈரம், ஒட்டினால் மூடுபனி. மாணவர்களுக்குக் கைவிரலை விரித்தே காட்டிவிடலாம்.

இந்த எண்ணை ஏன் தனிக் கட்டமாக வைக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு மாதிரிக் கணக்கு. காலை 7 மணிக்கு உலர்குமிழ் 21.5, ஈரக்குமிழ் 20.8. இடைவெளி 0.7. ஒப்பு ஈரப்பதம், அதாவது காற்று ஏற்கக்கூடிய நீராவியில் இப்போது இருக்கும் பங்கு, சுமார் 94 விழுக்காடு. மாலை 3 மணிக்கு உலர்குமிழ் 32, ஈரக்குமிழ் 24. இடைவெளி 8. ஒப்பு ஈரப்பதம் சுமார் 51. பார்த்தவுடன் காற்றிலிருந்த ஈரத்தில் பாதி போய்விட்டது என்று தோன்றும். போகவில்லை. காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்று காட்டும் நீராவி அழுத்தம் இரண்டு நேரத்திலும் 24 மில்லிபார்தான். சூடேறிய காற்று இன்னும் கூடுதலாக ஏற்கும் நிலைக்கு வந்திருக்கிறது, அவ்வளவே.

ஈரக்குமிழில் ஒரே ஒரு டிகிரி தப்பினால் என்ன ஆகும் என்பதையும் இதிலேயே பார்க்கலாம். மாலை அளவில் 24க்குப் பதில் 25 என்று படித்தால் 51 விழுக்காடு 57 ஆகிவிடும். ஐயா சொன்ன திரிக்கு அவ்வளவு விலை.

இரண்டு குமிழ் அளவிலிருந்து ஒப்பு ஈரப்பதம் பார்க்கும் அட்டவணையிலும் கவனம் வேண்டும். சுழற்றி எடுத்த அளவுக்கு ஓர் அட்டவணை, ஸ்டீவன்சன் பெட்டிக்குள் (காற்றோடும் வெள்ளை வானிலைப் பெட்டி) சும்மா தொங்கும் அளவிக்கு வேறோர் அட்டவணை. மாற்றிப் பார்த்தால் மேலே உள்ள மாலை அளவில் இரண்டு விழுக்காடு பிசகும். பதிவேட்டின் முதல் பக்கத்தில் எந்த அட்டவணை என்று எழுதிவையுங்கள்.

பள்ளியில் டிஜிட்டல் ஈரமானி இருந்தால் அதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு புட்டி மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு வரும்வரை சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்து ஓடக்கூடாது. அதையும் அளவியையும் காற்றுப் புகாத பைக்குள் வைத்து, ஓர் இரவு முழுக்க வெப்பம் மாறாத இடத்தில் விடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் அந்தப் பகுதியில் 5 கழித்துக்கொள்ளுங்கள். 40 விழுக்காட்டிலும் அதே 5 தான் என்று நம்பிவிடாதீர்கள்.

அனுப்பியவர்: தமிழ்ப்பள்ளி அறிவியல் ஆசிரியை, பாடாங் செராய்

சார், 'குமிழ் இடைவெளி' என்று கட்டத்தில் எழுதினால், நான்காம் ஆண்டு மாணவன் ரூலரை எடுத்து இரண்டு குமிழுக்கும் நடுவில் எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுதுவான். அவனைக் குறை சொல்லவும் முடியாது.

'குமிழ் வேறுபாடு'?

அனுப்பியவர்: தோட்ட அலுவலகக் கிராணி (ஓய்வு), கூலிம்

ரூலர் விஷயத்தில் டீச்சர் சொல்வதே சரி. 'ஈரக்குளிர்வு' போகட்டும். 'குமிழ் வேறுபாடு' கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கிறது, ஆனால் பொய் சொல்லவில்லை. கணக்கில் கழித்து வருவதை வேறுபாடு என்கிறோம். இங்கேயும் கழித்துத்தான் வருகிறது. பேச்சில் 'வித்தியாசம் எட்டு' என்று சுருக்கிச் சொன்னாலும் பிழையில்லை.

ஆனால் உங்கள் பதிவேட்டின் இன்னொரு கட்டத்தில் 'பனிநிலை' என்று இருப்பதைப் பார்த்தேன். காற்று குளிர்ந்து நீர் திரளத் தொடங்கும் வெப்பநிலையான டியூ பாயிண்டுக்கு அது போதுமா? தமிழில் 'பனி' எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொள்கிறது. புல்லில் திரள்வதும் பனி, கண்ணை மறைப்பதும் பனி, இமயத்தில் விழுவதும் பனி. மலாய்க்காரருக்கு இந்தச் சிக்கல் இல்லை: திரள்வது எம்புன், மறைப்பது காபுஸ், விழுவது சல்ஜி. அவர்கள் 'தாகாட் எம்புன்' என்றால் அதில் குழப்பமே இல்லை. 'பாயிண்ட்' என்பதற்குப் புள்ளி என்று போகாமல் எல்லை என்ற பொருளில் 'தாகாட்' போட்டதையும் கவனியுங்கள். நம் 'நிலை'யும் அதே புத்திதான்.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல் வழக்கில் 'பனிபடுநிலை' உண்டு. அதை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. நடுவில் ஒரு 'படு' வந்ததும், பனி எதன்மீதோ படுகிறது என்று ஆகிவிடுகிறது. அது மூடுபனியையும் உறைபனியையும் ஒதுக்கிவிடும். இது வெறும் இலக்கண நயமல்ல. பெட்டிக்குள் காற்று 22 டிகிரி, பனிபடுநிலை 20.5 என்று இருக்கும்போதே வெளியே புல் நனைந்திருக்கும். அளவி பொய் சொல்கிறது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அளவியில் பிழையில்லை. தெளிந்த, காற்றசையாத இரவில் புல்லும் இலையும் தம் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு, மேலே உள்ள காற்றைவிடச் சில டிகிரி குளிர்ந்துவிடும். பனி படுவது புல்லின் வெப்பநிலையைப் பொறுத்தது, பெட்டிக்குள் இருக்கும் காற்றைப் பொறுத்ததல்ல. ரப்பர் இலை அடர்ந்திருக்கும்போது மரத்தடியில் பனி குறைவு, இலை உதிர்ந்தபின் சருகெல்லாம் நனைவதும் இதே காரணத்தால்தான்.

தோட்டத்துக்கு இந்த இரண்டு எண்ணும் வேண்டும். விடிவதற்கு முன் மரம் வெட்ட, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கப் போவது ஏன்? அந்த நேரத்தில் குமிழ் வேறுபாடு ஒன்றுகூட இராது. பட்டைக்குள் பால்குழாய் அழுத்தத்தோடு இருக்கும். வெயில் ஏறி வேறுபாடு கூடக்கூட இலைவழி நீர் போய், அழுத்தம் இறங்கி, பால் பிடிக்கும் மங்கில் சொட்டுவது சீக்கிரம் நின்றுவிடும். உதிர்ந்த மரம் துளிர்க்கும்போது இளம் இலையில் ஓய்டியம் என்ற வெண்பூசணம் வரும். அதற்குக் கந்தகத் தூள் தூவுவது, காற்றசையாத விடியலில் இலைமேல் பனி இருக்கும்போது. அப்போதுதான் தூள் ஒட்டும். பனி படுமா என்று முதல் நாள் மாலையே கணிக்கப் பனிபடுநிலை வேண்டும்.

அனுப்பியவர்: கருவிப் பொறியாளர், கோலாலம்பூர்

'பனிபடுநிலை'க்கு என் ஒப்புதலும் உண்டு. ஐயா சொன்ன மாலைக் கணிப்புக்குக் கைக்கணக்கு ஒன்று: மாலை 6 மணிப் பனிபடுநிலையை, விடியலில் எதிர்பார்க்கும் குறைந்த வெப்பநிலையோடு ஒப்பிடுங்கள். வானம் தெளிந்து, காற்றடங்கி, இரண்டும் இரண்டு மூன்று டிகிரிக்குள் வந்தால் புல்லில் பனி படும் என்று எழுதலாம். இரவு முழுக்கக் காற்று வீசினால் கணக்கு செல்லாது. மேலே உள்ள சூடான காற்று கலந்துகொண்டே இருப்பதால் இலை குளிராது.

வறண்ட மாதங்களுக்கு இன்னொரு சொல்லும் பக்கத்திலேயே வேண்டும். காற்று இன்னும் எவ்வளவு நீராவி ஏற்கும் என்ற அளவு, சாச்சுரேஷன் டெஃபிசிட். டீச்சர் முதல் மடலில் மில்லிபார் என்று குறித்தது இதைத்தான். முன் சொன்ன மாதிரி நாளில் காலையில் அது ஒன்றரை மில்லிபார், மாலையில் 23. 'நிறைவுக்குறை' என்று வைக்கலாம். ஈரத்தாழ்வை வேண்டாம் என்று ஒதுக்கினோமே, அதன் பொருள் உண்மையில் இங்கேதான் பொருந்துகிறது. இருந்தாலும் 'தாழ்வு' வேண்டாம், புயல் வந்துவிடும்.

அனுப்பியவர்: தமிழ்ப்பள்ளி அறிவியல் ஆசிரியை, பாடாங் செராய்

நன்றி ஐயா, நன்றி சார். கட்டங்கள் இந்த வரிசையில் அச்சுக்குப் போகின்றன: நேரம், உலர்குமிழ், ஈரக்குமிழ், குமிழ் வேறுபாடு, ஒப்பு ஈரப்பதம், பனிபடுநிலை, காற்றுத் திசை, மேகம் (வானத்தின் எட்டுப் பங்கில் எத்தனை). நிறைவுக்குறை இடைநிலைப்பள்ளிப் பதிவேட்டுக்குப் போகட்டும். ஆரம்பப் பள்ளிக்கு அது சுமை.

பெட்டிக் கதவு வடக்கே பார்த்திருப்பது இந்த மாதங்களுக்குச் சரி, சூரியன் தெற்கில் இருக்கிறது. நம் ஊரில் ஏப்ரல் முதல் வாரம் சூரியன் உச்சியைத் தாண்டி வடக்கே போய்விடும், செப்டம்பரில்தான் திரும்பும். அதுவரை வடக்குக் கதவைத் திறந்தால் குமிழ்மேல் வெயில் படும். தெற்கிலும் ஒரு கதவு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். வேறுபாடு கட்டத்தில் கழித்தல் குறி வந்தால், அதாவது ஈரக்குமிழ் உலர்குமிழைவிட மேலே காட்டினால், என்ன எழுதச் சொல்வது?

அனுப்பியவர்: தோட்ட அலுவலகக் கிராணி (ஓய்வு), கூலிம்

நம் ஊர் வெப்பத்தில் அப்படி வர வழியில்லை டீச்சர். மூடுபனிக்குள் இரண்டும் சமமாகலாம், அதற்கு மேல் இல்லை. குறி வந்தால் இரண்டு வெப்பமானியும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். திரியை அவிழ்த்து, இரண்டையும் ஒரே வாளித் தண்ணீரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கலக்கிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் படிக்கச் சொல்லுங்கள். வரும் பிசகை அட்டையில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டுங்கள். அதுவரை அந்தக் கட்டத்தில் எண் வேண்டாம், 'பழுது' என்று எழுதட்டும்.